தெருவுக்கு ஒரு ஏணி

"எந்த வருஷம்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல வே. மழை பெய்ஞ்சுதா, இல்ல நானா நெனச்சுக்கிடுதேனா, அதுவும் தெரியல. ஆனா அன்னைக்கும் இந்த ஏணியைத் தூக்கிட்டுத்தான் உம்ம வாசலுக்கு வந்தேன்."

பூலோகம் மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கியபடி பெஞ்சில் உட்கார்ந்தார். எழுபது வயதுக்கு அது கொஞ்சம் அதிகக் கனம்தான்.

மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய தெருவில் பத்துக்குப் பத்து அறை. கட்சியின் கிளை ஆபீஸ். பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீடு. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி நாடு முழுக்கத் தோற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. கிளைச் செயலாளர் கணேசபாண்டியன் பழைய கொடிகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்குக் காட்கோபர் மாவட்ட ஆபீஸ்லேர்ந்து ஆள் வாரான். சாவியைக் குடுத்துட்டா முடிஞ்சுது," என்றார். "சீரமைப்பாம். தோத்த கிளையை எல்லாம் மூடிட்டு மாஹிம்ல ஒரே ஆபீஸாப் போடப் போறாவளாம்."

"ரேஷன் கார்டுல பேர் தப்புன்னா எவன் வே மாஹிமுக்கு பஸ் ஏறிப் போவான்?"

கணேசபாண்டியனின் மனைவி ஆறுமுகத்தாய் டீ கொண்டுவந்து வைத்தாள். "ஏணியோட வந்திருக்கீய. மேல தகரம் ஒழுகுது, அப்படியே ஏறிச் சரி பண்ணிட்டுப் போங்க அண்ணாச்சி."

"சாவி விஷயத்தை இவருகிட்ட நீதான் சொன்னியா?"

"பின்ன? ஒரு மாசமா நீங்க வாயே தொறக்கல. நான் சொவத்துகிட்டயா சொல்லுவேன்?"

டீயில் ஆடை படிந்தது.

"மாஹிம் மூங்கில் கடையில இதை வாங்கி, முன்னால நீரும் பின்னால நானுமாத் தூக்கிட்டு வந்தோம்," என்றார் பூலோகம். "ரயில்வே பாலத்துல நீரு ஒரு பக்கம் திரும்ப, நான் ஒரு பக்கம் திரும்ப, கூடை சரிஞ்ச மீன்காரி மராட்டியில என்னா ஏச்சு ஏசினா!"

"பாலத்துல இல்ல. படியில."

"படியிலயா?"

"படியிலதான். ஒரு வவ்வால் மீனு உம்ம சட்டைக்குள்ள விழுந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள்.

"தெருவுக்கே அப்ப இந்த ஒரு ஏணிதான். கொடி கட்டவும் இதுதான், போஸ்டர் ஒட்டவும் இதுதான். அன்னைக்கு ஒரு சட்டம் போட்டோமே வே."

"அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு."

கணேசபாண்டியன் அடுத்த கொடியை எடுத்தார். மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏன் தோத்தோம்னு காட்கோபர்ல கேட்டாவளா?" என்றார் பூலோகம்.

"பாரம் குடுத்திருக்காவ. பூர்த்தி பண்ணி அனுப்பணுமாம்."

"பாரம் எதுக்கு? நான் சொல்லுதேன். மூணாம் சந்து லிசாவுக்கு வோட்டர் லிஸ்ட்ல பேர் இல்ல. மூணு தடவை இங்க வந்தா. மூணு தடவையும் கதவு பூட்டு. எதுத்த ஆபீஸ்ல அரை மணி நேரத்துல பாரம் நிரப்பிக் குடுத்தாவ. அவ ஓட்டு எங்க வே விழும்? வாசல்ல போர்டு தமிழ்ல மட்டும் இருக்கு. இங்க பொறந்த பிள்ளைகள்ல எத்தனை பேருக்குத் தமிழ் படிக்க வரும்? இந்தியிலயும் எழுதி வையும். முன்னெல்லாம் தெருவுல ஒரு சாவுன்னா முதல் ஆளா நிப்பீரு. கடைசியா எந்த வீட்டுக்குப் போனீரு?"

கணேசபாண்டியன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீரே சொல்லுதீரா?"

"நானேதான் சொல்லுதேன். தோத்ததுக்கு மருந்து காட்கோபர்ல இல்ல. இந்தக் கதவைத் தொறந்து வையும், போதும். இது பூட்டிக் கெடந்தா காலையில எந்திரிச்சு எனக்கும் ஒரு சோலி இல்ல வே."

நாலு மணிக்குத் தனசீலன் வந்தார். காட்கோபர் ஆபீஸின் அமைப்பாளர், பணிவான ஆள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "மன்னிக்கணும் ஐயா, மேலிடத்து முடிவு. சாவி..." என்று கையை நீட்டினார்.

கணேசபாண்டியன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"சாவி இல்ல தம்பி," என்று திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஏணி வந்துட்டு. இனிமே பூட்ட முடியாது. இங்கேயே இருந்து எழுந்திரிச்சுக்கிடுதோம்னு மேலிடத்துல சொல்லிரும்."

தனசீலனுக்கு ஒன்றும் புரியவில்லை. பூலோகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பேசி மாத்தினீங்களா ஐயா?"

"பழைய கதை பேசினோம். அவ்வளவுதான்."

"உங்களை மாதிரி ஒரு தொண்டர் ஒவ்வொரு கிளையிலயும் இருந்திருந்தா நாம தோத்திருக்கவே மாட்டோம். உங்க உறுப்பினர் நம்பரைச் சொல்லுங்க, மேலிடத்துக்கு எழுதுறேன்."

ஆறுமுகத்தாய் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தனசீலன் வெறுங்கையோடு காட்கோபருக்குத் திரும்பினார். அடுத்த வாரம் கணேசபாண்டியன் மூன்றாம் சந்துக்குப் போய் லிசாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவளே வந்து வாசலில் இந்தியில் போர்டு எழுதிக் கொடுத்தாள். பூலோகமோ, தோற்றவன் வாசலில்தான் அடுத்த தேர்தல் வரை ஏணி இருக்க வேண்டும் என்ற முப்பது வருடச் சட்டப்படி அதை ஒப்படைத்துவிட்டு, தனசீலன் வந்த அன்றே தெருவைக் கடந்து, எதிர் ஆபீஸில் ஜெயித்த கட்சியின் கொடிக்குக் கீழே, கிளைச் செயலாளர் என்று எழுதிய தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.