ஏழாம் நம்பர் பெட்

நன்றி ஓட்டத்தின் எல்லைக்கோட்டில் கட்டிய நாடா மழையில் தொய்ந்து கிடக்கிறது. தன்னைப் பிழைக்கவைத்த ஆஸ்பத்திரிக்காக ஓடிய தையல்காரர் கடைசி ஆளாக வந்து சேர்கிறார். நெஞ்சின் ஆபரேஷன் தழும்பில் ஈரச் சட்டை ஒட்டியிருக்கிறது. "மெதுவா மூச்சு விடுங்க" என்று தண்ணீர் நீட்டும் நர்ஸின் முகத்தை அவர் பார்த்ததில்லை. ஐசியூவில் அவளுக்கு எந்நேரமும் மாஸ்க். குரல் மட்டும் அதே குரல். "ஐசியூல ஏழாம் நம்பர் பெட், ஞாபகம் இருக்காம்மா?" அவள் முகம் வாடுகிறது. "அவரு போன வாரம் தவறிட்டாரே. கடைசில நான்தான் கையப் பிடிச்சிட்டிருந்தேன். நீங்க அவருக்குச் சொந்தமா?" நன்றி சொல்ல வந்தவர் தண்ணீரைக் கீழே வைக்கிறார். பழக்கதோஷத்தில் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். தனக்குப் பின் அந்தக் கட்டிலுக்கு வந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. "ஆமாம்மா," என்கிறார், "சொந்தம்தான்."