பெயர் கேட்ட பச்சைப் பொத்தான்

காலை பத்தேகால் மணிக்கு, பார்வையற்ற செங்கமலம் அரசு இணையதளத்தில் பேருந்து அட்டைக்கான விண்ணப்பத்தை மூன்றாவது முறையாக நிரப்பி முடித்தார். அன்றுதான் கடைசி நாள். அவருடைய கணினியில் திரையை வாசித்துச் சொல்லும் குரல், பக்கத்தின் அடியில் இருந்த பச்சைப் பொத்தானிடம் போய் நின்றது.

"உன் பேர் என்னப்பா?" என்று குரல் பொத்தானைக் கேட்டது.

"பார்த்தா தெரியலையா? நெத்தியிலேயே 'அனுப்புக'ன்னு கொட்டை எழுத்துல இருக்கே!"

"அது படம். எனக்குப் படம் தெரியாது. பின்னால எழுதியிருக்கிறதைத்தான் வாசிப்பேன். 'புதுசு கடைசி ரெண்டு'ன்னு இருக்கு. அதைக் கேட்டுட்டு அந்தம்மா ஒவ்வொரு தடவையும் உன்னைத் தாண்டிப் போறாங்க."

மற்றப் பொத்தான்கள் சிரித்தன. "டேய், கடைசி ரெண்டு!"

பச்சைப் பொத்தானுக்கு ரோஷம் வந்தது. பதினொரு மணியிலிருந்து யார் அழுத்தியும் அது அசையவில்லை. அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. தளத்தைக் கவனிக்கும் பொறியாளர் யூசுப், பொத்தானின் படத்துக்கு அவசரத்தில் தான் வைத்த 'புதுசு கடைசி ரெண்டு' என்ற கோப்புப் பெயர் அப்படியே கிடப்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சரியான பெயரை எழுதினார்.

மாலை நாலரைக்குக் குரல் கூவியது: "விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தான்!"

"அடப்பாவி, இங்கேயா இருந்தே!" என்று சிரித்தபடி செங்கமலம் அழுத்தினார். பொத்தான் உடனே வேலை செய்தது.

சில வாரங்கள் கழித்து, ஜூலை 9 அன்று, செங்கமலம் புது அட்டையைக் காட்டிப் பேருந்தில் ஏறினார். அதே நாளில், தளத்தில் மீதமிருந்த நாற்பத்திரண்டு பொத்தான்களும் தங்களுக்கும் சரியான பெயர் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கின.