ஹாஜியார் தெரிவு செய்த பாட்டு

“தமிழ்ல ஒரு நல்ல நாட்டுப்பற்றுப் பாட்டு இரிக்கி ஹாஜியார். கேக்கிற எல்லாருக்கும் விளங்கும்” என்றான் றஸ்மி.

“விளங்கி என்னடாப்பா செய்ற? வாற பெரிய சேர் சிங்களவர். அவருக்கு விளங்கணும். சிங்களப் பாட்டுத்தான் போடணும்.”

முத்தலிப் ஹாஜியார் சொன்னால் சொன்னதுதான். பள்ளிவாசல் தலைவரும் அவர்தான், சுதந்திர தின விழாக் குழுத் தலைவரும் அவர்தான். நாளை காலை கடற்கரை மைதானத்தில் கொடியேற்றம். அம்பாறையிலிருந்து வரும் பெரிய அதிகாரி மேடைக்கு நடந்து வரும்போது போட ஒரு பாட்டு வேண்டும். சவுண்ட் செட் றஸ்மியுடையது. தெரிவு ஹாஜியாருடையது.

றஸ்மிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“போன மாசம் என்ட மகள்ட கலியாணத்துல பாட்டு ஹறாம் எண்டு சொன்னீங்களே?”

சொன்னது மட்டுமா? மாப்பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்த நேரம் பார்த்து, ஹாஜியார் தன் கையாலேயே வயரைக் கழற்றினார். ஊர் விசேஷத்துக்கெல்லாம் பாட்டுப் போட்டவன் வீட்டுக்குள் மருமகன் சத்தமில்லாமல் நுழைந்தார். புதுப்பெண் ஆதிலா அறைக்குள் இருந்து அழுதாள். அந்த அழுகை றஸ்மிக்கு இன்னும் ஆறவில்லை.

“கலியாணம் வேற, நாடு வேற” என்றார் ஹாஜியார். “நிய்யத்து, மனசுல உள்ள எண்ணம், அதுதான் முக்கியம். நம்மளச் சந்தேகமாப் பாக்குற காலம் இது. போடுற போடுல நம்மட நாட்டுப்பற்று அம்பாறை வரைக்கும் கேக்கணும். எங்க, உன்னட்ட இரிக்கிறதப் போடு பாப்பம்.”

றஸ்மி பென்ட்ரைவைச் சொருகினான்.

முதல் பாட்டில் ஒரு பெண் மெதுவாகப் பாடினாள்.

“இதென்ன, புள்ளைக்குத் தாலாட்டா? மாத்து.”

இரண்டாவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடியது. அதில் வீரம் போதாதாம்.

மூன்றாவது பாட்டு மேளத்தோடு எழும்பியது. ஹாஜியாரும் கதிரையை விட்டு எழும்பினார்.

“இதுதான்டா பாட்டு!”

“என்ன சொல்லுறான் ஹாஜியார்?” என்று குழுச் செயலாளர் பாயிஸ் மாஸ்டர் கேட்டார்.

ஹாஜியாருக்குக் கல்முனை பஸாரில் புடவைக்கடை. முப்பது வருஷமாகக் கொழும்பில் போய்ச் சரக்கு எடுக்கிறவர். விலை கேட்கவும் குறைக்கவும் மட்டும் அவரிடம் சிங்களம் உண்டு. ஆனாலும் தெரியாது என்ற சொல் அவர் வாயில் எந்தப் பாஷையிலும் வந்ததில்லை.

“ரெத்தம் சிந்தின மண்ணே, உன்னக் காக்க நாங்க வாறம் எண்டு சொல்லுறான். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.”

“மேலெல்லாம் புல்லரிக்கிது” என்றார் மாஸ்டர். குழுவில் மற்றவர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டாதவனுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று ஆகிவிடுமே!

“இதையே போடுறன் ஹாஜியார். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“நான் தெரிவு செஞ்ச பாட்டுடா. குறை சொல்ல யாருக்குத் தைரியம் இரிக்கி?”

மறுநாள் கொடி ஏறியது. ஹாஜியார் அதிகாரியின் கழுத்தில் பெரிய மாலையைப் போட்டார். மேடைப் பக்கம் கையைக் காட்டினார். றஸ்மி பாட்டைத் தட்டிவிட்டான்.

இரண்டு அடி வைத்த அதிகாரி நின்றுவிட்டார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். கழுத்து மாலையைக் குனிந்து பார்த்தார். அவருடைய உதடு ஒரு பக்கம் இழுபட்டது.

சட்டென்று அதிகாரி நிமிர்ந்தார். கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

“எழும்புங்க! எல்லாரும் எழும்புங்க!” என்று ஹாஜியார் கத்தினார்.

ஊரே எழும்பி நின்றது. பாட்டின் நடுவே பெண்கள் கலகலவென்று சிரிக்கிற இடம் ஒன்று வந்தது. அந்த இடத்தில் ஹாஜியார் நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

விழா முடிந்து எல்லாரும் பாற்சோற்றுப் பக்கம் போன பிறகு, அதிகாரி றஸ்மியிடம் வந்தார். தமிழ் நன்றாகவே கதைத்தார்.

“தம்பி, இது கலியாண வீட்டுல மாப்பிள்ளை உள்ளுக்கு வரக்குள்ள போடுற பாட்டுத்தானே?”

“ஓம் சேர்.”

“தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

றஸ்மி தலையைக் குனிந்தான். “என்ட மருமகன் கண்டிப் பக்கம் சேர். அவர் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த பாட்டு. கலியாணத்தண்டைக்குப் போட விடல்ல. ஹாஜியார் வயரைக் கழட்டிட்டார். நேத்து அவரே இதத் தெரிவு செஞ்சார். எனக்கு மறுக்க மனசு வரல்ல. உங்களுக்கு மரியாதைக் குறைவு செய்யணும் எண்டு நினைக்கல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்க.”

தூரத்தில் ஆதிலா புருஷனோடு நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதிகாரி அவளையும் பார்த்தார்.

“நான் சிரிச்சிருந்தா இவ்வளவு சனத்துக்கும் வெட்கமாப் போயிருக்கும். அதுதான் எழும்பி நிக்கிற பாட்டாக்கிட்டன்” என்றார்.

அதற்குள் ஹாஜியார் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தார்.

“பாட்டு எப்பிடி சேர்? என்ட தெரிவு!”

“அருமை ஹாஜியார். கேட்ட உடனே எனக்கு என்ட கலியாண நாள் ஞாபகம் வந்திட்டு” என்று சொல்லிவிட்டு அதிகாரி வாகனத்தில் ஏறினார்.

ஹாஜியாருக்குக் கால் நிலத்தில் படவில்லை. றஸ்மியின் தோளில் தட்டினார்.

“டேய், வாற வெள்ளிக்கிழமை என்ட மகள் சிபானாட கலியாணம் தெரியுந்தானே? பெரிய சேரும் வாறார். மாப்பிள்ள வாசல்ல கால் வைக்கக்குள்ள இதே பாட்டப் போடு. நாட்டுக்காகப் போடுறது ஹறாம் இல்ல. எல்லாரும் எழும்பி நிக்கணும் எண்டு மைக்கில முதல்லயே சொல்லிடு!”