மல்லிகைப் புகை

“வாயைத் திறக்கப்படாது. படத்தை மேஜை மேல வெச்சுட்டுப் போ.”

நோரா ஏதோ சொல்ல வந்தாள். சுந்தரேசன் விரலை நீட்டி வாசலைக் காட்டினார்.

அந்த விளம்பரக் கம்பெனியின் தலைமை ஓவியர் அவர். சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து பெங்களூர்ச் சுவர்களில் சிரித்துக்கொண்டிருக்கும் லக்ஷ்மியும் சரஸ்வதியும் அவர் கைவண்ணம். நோரா, ஓவியப் படிப்பை முடித்துவிட்டு காக்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிறவள். “அந்தப் பொண்ணு சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க சார், புதுசா யோசிக்குது” என்று முதலாளி என்றைக்குச் சொன்னாரோ, அன்றிலிருந்து அவளைக் கண்டாலே சுந்தரேசனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதிலும் இப்போது, அக்கா கல்யாணம் என்று மெட்ராஸுக்கு லீவில் போனவள், வந்ததும் வராததுமாக ஒரு படத்தை நீட்டுகிறாள்.

வேண்டாவெறுப்பாகப் பிரித்துப் பார்த்தார். கறுப்புப் பின்னணி. ஒரே ஒரு ஊதுபத்தி. அதன் புகை மேலே போகப் போக மல்லிகைச் சரமாக மாறியிருந்தது. சாமி இல்லை, விளக்கு இல்லை, பட்டுப்புடவைக்காரியும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஊதுபத்திக் கம்பெனி கோவிந்தப்பா சுந்தரேசனின் படங்களை வரிசையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நாளைக்கும் பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி ஆகும் என்று முதலாளி ஜாடையாகச் சொல்லியாயிற்று.

கிறுக்கலில்கூட மூலையில் தன் பெயரை எழுதாமல் விடமாட்டாள் நோரா. இதில் எழுதவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று. தூரிகையை எடுத்து அந்த மூலையில் ‘சுந்தரேசன்’ என்று எழுதினார்.

மறுநாள் மாடிப்படியில் நோரா வழிமறித்தாள்.

“சார், நேத்துக் குடுத்த படத்தைப் பத்தி ஒரு வார்த்தை...”

“எந்தப் படம்? இன்னும் ஒரு வார்த்தை பேசினா இன்னியோட உனக்கு வேலை கிடையாது.”

அவள் முகம் சிவந்தது. “சரி சார். பேசல.”

பத்து மணிக்குக் கோவிந்தப்பா வந்தார். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். சுந்தரேசன் துணியை விலக்கிப் படத்தைக் காட்டினார். கோவிந்தப்பா கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார்.

“சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்குது! இதைத்தான் இத்தனை நாளா கேட்டேன். சிவாஜிநகர்லேர்ந்து மல்லேஸ்வரம் வரைக்கும் ஒட்டிடணும். யாரு யோசனை இது?”

“என்னோட சொந்தக் கற்பனை” என்றார் சுந்தரேசன்.

முதலாளி அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. நோரா மட்டும் அசையாமல் நின்றாள். கோவிந்தப்பா அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீயும் இங்கதானே வரையறே? எப்படி இருக்குது படம், சொல்லு.”

சுந்தரேசன் அவளையே பார்த்தார். ‘என் படம்’ என்று கத்தப்போகிறாள். கத்தட்டுமே. பொறாமை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நேற்று வந்தவளை யார் நம்புவார்கள்? அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“சொல்லேன்மா. தாராளமாப் பேசு” என்றார் சுந்தரேசன்.

நோரா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோவிந்தப்பாவிடமே சொன்னாள்.

“நல்லாத்தான் இருக்குது சார். மெட்ராஸ்ல சுவத்துல பார்த்துட்டு, இவருக்குக் காட்டத்தான் அப்படியே வரைஞ்சு கொண்டாந்தேன். ஊர் பூரா ஒட்டியிருக்காங்க, உங்க போட்டிக் கம்பெனிக்காரங்க.”