கோணல் வரிசை

“பேர்த்துடு மாப்ளே! வரிசை பாம்பு மாதிரி நெளியுது!”

டைல்ஸ் மேஸ்திரி இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் தரையை ஓரம் பார்த்துவிட்டுக் கத்தினார். அவருக்கு நூலைவிட அந்தக் கண்மேல்தான் நம்பிக்கை.

சமையலறைத் தரையில் மண்டியிட்டிருந்த மச்சினன் நிமிர்ந்தான். அதே வரிசையை அன்றைக்கு ஒரு தடவை பெயர்த்து வைத்தாகிவிட்டது.

“நூல் பிடிச்சுத்தான் வச்சேன் மாமா.”

“அப்போ நூலையே கோணலாக் கட்டியிருக்கே. உங்கக்கா செல்லம் கொடுத்தே உன்னைக் கெடுத்து வச்சிருக்கா!”

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “நேராத்தானே இருக்கு?”

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

“இல்லைம்மா, கோணல்தான். என் கண்ணுல ஏதோ கோளாறு. கலவை இறுகறதுக்குள்ள எடுத்துடறேன்.”

மேஸ்திரிக்குப் பகீரென்றது. முப்பது வயசில் கண்ணில் கோளாறா? கோபம் போன இடம் தெரியவில்லை.

“நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.”

“நீங்களும் வரணும் மாமா. தனியாப் போகப் பயமா இருக்கு.”

“உங்கக்கா வருஷக்கணக்கா என்னைக் கூப்பிடுறா, அசைஞ்சேனா? இப்ப உனக்காக அந்த வாசப்படி மிதிக்க வேண்டியிருக்கு பாரு!”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடி மச்சினனுக்கு ஒரே புத்திமதி. “நேரத்துக்குச் சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை, அப்புறம் கண்ணு எப்படிடா நிக்கும்?”

நர்ஸ் ஒரு சீட்டோடு வந்து படித்தார். “பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. மூணு மாசச் சராசரி ஒன்பதுக்கு மேல. பிரஷர் மாத்திரை நினைச்சா போடறது, இல்லேன்னா இல்லை. கொழுப்பு அதிகம். சிகரெட் வேற. இதுவரைக்கும் கண்ணைக் காட்டினதே கிடையாது…”

மேஸ்திரி தொடையைத் தட்டிச் சிரித்தார். “யாரும்மா அந்த மகராசன்? அப்படியே என்னை மாதிரி! கண்ணைக் கெடுத்துக்க என்னென்ன உண்டோ, ஒண்ணு விடாம செஞ்சிருக்கானே!”

“நீங்கதாங்க. அண்ணாந்து பாருங்க, சொட்டு மருந்து விடணும்.”

மேஸ்திரி திரும்பினார். மச்சினன் ரொம்ப அக்கறையாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “வலது கண்ல விழித்திரை நடுவுல நீர் கோத்து வீங்கியிருக்கு. அதான் நேர்க்கோடெல்லாம் நெளியுது. கடவுள் புண்ணியத்துல சீக்கிரமே வந்துட்டீங்க. ஊசி போட்டுக்கலாம். சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுல வச்சா, நீங்க பாட்டுக்கு வேலை செய்யலாம்.”

வெளியே வெயில் கூசியது. மேஸ்திரி மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

“எல்லாம் அக்காவும் தம்பியும் சேர்ந்து போட்ட திட்டமா?”

“அந்தச் சீட்டை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன் மாமா.”

“அது சரி. நேரா இருந்த கல்லை எதுக்குடா பேர்த்தே? உங்க கண்ணுலதான் கோளாறுன்னு அங்கேயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“வீட்டுக்கார அம்மா முன்னாடியா? எனக்குக் கை கோணல்னு பேர் வந்தா, நாளைக்கே நாலு கல்லை நேரா வச்சு அதை அழிச்சுடுவேன். உங்களுக்குக் கண்ணு கோணல்னு பேர் வந்தா, அதை யாரு மாமா அழிக்கிறது?”