எல்லாக் கதையிலும் அகோசுவா

கதையும் பாட்டும் எழுதும் கணவரின் மேசை இழுப்பறையை அபேனா தரையில் கவிழ்த்தாள். நாலு பேனா, பழைய ரசீதுகள், இருமல் மிட்டாய். எந்தப் பெண்ணின் கடிதமும் இல்லை, புகைப்படமும் இல்லை. அவளுக்கு ஆத்திரம்தான் அதிகமாயிற்று.

அன்று காலையில்தான் பக்கத்து வீட்டு செர்வாவின் குழந்தைக்கு எட்டாம் நாள், பெயர் சூட்டும் சடங்கு. ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண் என்றால் அகோசுவா. பிறந்த கிழமைதான் பெயர்; குமாசியில் அதற்கு யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்வதில்லை. எட்டு நாள் தங்கினால்தான் பிள்ளை, அதற்குமுன் போனால் வந்த விருந்தாளி, பெயரும் கிடையாது அழுகையும் கிடையாது என்று பெரியவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, குழந்தையின் நாக்கில் தண்ணீர் தொட்டு வைத்தார்.

"கொஞ்சம் வாங்கிக்க அக்கா" என்று செர்வா குழந்தையை நீட்டினாள். அபேனா கை நீட்டவில்லை.

"ஏன், பேரு பிடிக்கலையா? உன் வீட்டுக்காரருக்கு அந்தப் பேருன்னா உசிராச்சே" என்றாள் செர்வா.

பெண்கள் சிரித்தார்கள். "அவரு மட்டுமா? பாட்டுப் போட்டாலும் அகோசுவா, படம் பார்த்தாலும் அகோசுவா. கிழமை ஏழு, பேரும் ஏழு. எழுதுறவரு பாவம், எங்கே போவாரு?" என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள்.

"மத்த ஆறு பேரும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு அபேனா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் செவ்வாய்க்கிழமைக்காரி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவள் பெயர் அவருடைய ஒரு வரியில்கூட வந்ததில்லை.

இழுப்பறை ஏமாற்றியதும், அவர் எழுதியதையெல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கினாள். முதல் புத்தகத்தில் அகோசுவாவுக்கு இரண்டு வயது, நடை பழகுகிறாள். ரேடியோ நாடகத்தில் பால்பல் விழுகிறது. ஊரே முணுமுணுத்த பாட்டில் சீருடை போட்டுக்கொண்டு மழையில் பள்ளிக்கு ஓடுகிறாள். பாதியில் நிற்கும் நாவலில் பதினெட்டு வயது, கல்லூரிக்குப் பெட்டி கட்டுகிறாள்.

அபேனா வயதுகளை விரல்விட்டு எண்ணினாள். காதலி இல்லை, மகள். எவளோ பெற்று எங்கோ வளர்க்கிறாள். இவர் வருஷம் தவறாமல் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார்.

மத்தியானம் கணவர் ஒபிரி சாப்பிட வந்தபோது மேசையில் சாப்பாடு இல்லை, புத்தகங்கள் இருந்தன. வாசலில் அவளுடைய துணிப்பெட்டி.

"எங்கே கிளம்பிட்டே?"

"எங்கப்பா வீட்டுக்கு. உண்மையைச் சொன்னா இருக்கிறதைப் பத்தி யோசிப்பேன். மழுப்பினீங்கன்னா இப்பவே போயிடுவேன். இந்த அகோசுவா உங்க பொண்ணுதானே?"

ஒபிரி புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆமா" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை வருஷமா?"

"பதினெட்டு."

"அப்ப நான் இந்த வீட்டுக்கு வந்த மறுவருஷமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"அவ பேச்சையே உன்கிட்ட எடுக்கக்கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

"எங்கம்மாவுக்கும் தெரியுமா?" அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "யாரு அவ? அந்தப் பொண்ணைப் பெத்தவ யாருன்னு சொல்லுங்க."

ஒபிரி கண்ணாடியைக் கழற்றினார். துணிப்பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை பொறந்து மூணே நாள் இருந்துட்டுப் போனாளே... அவளைப் பெத்தவ நீதானே, அபேனா."