பந்தல் நிழல்

மதியம் நீர்வாரிய அறையில் இருளாண்டி பொத்தானை அழுத்தினான். ஊரிலுள்ள இலைகளின் துளைகளைத் திறந்து மூடும் காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறியது, துளைகள் மூடிக்கொண்டன. இனி எந்த இலையும் காற்றில் நீர் விடாது. மிஞ்சும் நீர் குழாய்களுக்குப் போகும்.

வீட்டிலிருந்து மனைவி சொர்ணத்தாய் அழைத்தாள். அவள் அப்பா கோவைக்கொடிப் பந்தலின் கீழ் படுத்திருந்தார். வெயில் காலத்தில் அந்த இலைகள் விடும் ஈரக் குளிர்ச்சியில்தான் அவர் உயிரோடு இருந்தார்.

"நிழல் இருக்குங்க, குளிர்ச்சி இல்ல. இலையத் தொட்டா சுடுது. அப்பாவுக்கு மூச்சு வாங்குது. நம்ம பந்தல மட்டும் திறந்து விடுங்களேன்."

"நமக்குத் திறந்தா நாளைக்குத் தெருவே வாசல்ல நிக்கும். துணிய நனைச்சு மேல போடு."

"எதுல நனைக்க? குழாய் காஞ்சு கெடக்கு."

"சாயங்காலம் தண்ணி வரும். அதுக்குத்தான மூடுனேன்."

"ஊருக்கெல்லாம் நல்லவரு," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு குழாயில் தடித்து விழுந்தது. இருளாண்டி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தான். பந்தலின் கீழே மாமனாரின் உடலைக் குளிப்பாட்டப் பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு பேர் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

குடத்தை நீட்டினான். சொர்ணத்தாய் வாங்கவில்லை.

"நீங்களே ஊத்துங்க," என்றாள்.